மகப்பேற்றுப் பை

மகப்பேற்றுப் பை என்பது, கருவுற்ற பெண் பிள்ளைப்பேற்றிற்காக மருத்துவமனைக்குச் செல்லும்போது உடன் கொண்டு செல்வதற்கென முன்கூட்டியே எடுத்து வைக்கப்படும் ஆவணங்கள், துணிகள், அன்றாடப் பொருட்கள் ஆகியவற்றின் தொகுப்பு ஆகும். பிள்ளைப்பேற்றைப் 'பேறுகாலம்' என்று வழங்கும் நெல்லை, தென்காசி வட்டாரத்தில் இது பெரும்பாலும் துணிக்கடையில் கிடைத்த ஒரு கட்டைப்பையாகவும், அதனுடன் ஓர் ஒயர் கூடையாகவும் இருக்கும். மேல்நாட்டு நூல்களில் காணப்படும் நீண்ட பட்டியல்கள் அப்படியே இங்குப் பொருந்துவதில்லை. பையில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஊரின் தட்பவெப்பம், உறவுமுறை வழக்கங்கள், மருத்துவமனையின் விதிகள் ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. இக்கட்டுரை தென்காசி, குற்றாலம் பகுதியை முதன்மையாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

பின்னணி

வீட்டிலேயே பிள்ளைப்பேறு நடந்த காலத்தில் பைக்குத் தேவை இருக்கவில்லை. மருத்துவச்சி வீட்டிற்கு வந்தார். பழைய வேட்டி, வெந்நீர், நூல் ஆகியவற்றை வீட்டார் எடுத்துக் கொடுத்தனர். பின்னர், தொப்புள்கொடியைத் தூய்மையற்ற கருவியால் அறுப்பதால் வரும் ஏற்புவலி நோயைத் தடுக்க, பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளுக்குப் புதிய சவர அலகு, தூய நூல், சவர்க்காரம், நெகிழித்தாள் முதலியன அடங்கிய சிறு பொதிகள் இந்தியாவில் வழங்கப்பட்டன. இன்றைய பையின் முன்னோடி என்று இப்பொதியைக் கொள்ளலாம்.

இன்று நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. 2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட பிள்ளைப்பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நடந்தன. அதே கணக்கெடுப்பில் ஏறத்தாழ 45 விழுக்காடு அறுவை மூலம் நிகழ்ந்தவை. எனவே, இரண்டு நாட்களுக்கென்று எடுத்துச் சென்ற பை ஒரு வாரம் தாங்க வேண்டிவருவது அரிதன்று.

பையும் தாமதமும்

செரீன் தாடியஸ், டெபோரா மெயின் ஆகியோர் 1994 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், பேறுகால இறப்புகளுக்கு இட்டுச்செல்லும் தாமதங்களை மூன்றாக வகுத்தனர். மருத்துவ உதவியை நாட முடிவெடுப்பதில் தாமதம், மருத்துவமனையை அடைவதில் தாமதம், அடைந்தபின் தகுந்த சிகிச்சை கிடைப்பதில் தாமதம் என்பன அவை. மகப்பேற்றுப் பை இம்மூன்றையும் சிறிதளவு தொடுகிறது. பை கட்டி வைக்கப்பட்ட வீட்டில் 'எதையெதை எடுப்பது' என்ற பேச்சு எழுவதில்லை. புறப்படுவது ஒன்றே மீதமிருக்கும். ஊர்தி எண்கள் பையிலேயே எழுதப்பட்டிருந்தால் இரண்டாவது தாமதம் குறையும். குருதிவகை அறிக்கையும் முந்தைய பரிசோதனை முடிவுகளும் உடன் இருந்தால் மூன்றாவது குறையும்.

இக்காரணத்தால், பையில் எத்தனை பொருட்கள் உள்ளன என்பதைவிட அது எப்போது, எந்த வீட்டில் தயாராக உள்ளது என்பதே முக்கியமானது. 36 ஆவது வாரம் தொடங்குவதற்குள் கட்டி முடிப்பது நல்லது. இரட்டைக் குழந்தை, உயர் குருதியழுத்தம், முன்னர் குறைமாதப் பேறு ஆகியவை இருப்பின் இன்னும் முன்னதாகவே செய்தல் வேண்டும்.

எந்த வீட்டில் என்ற கேள்வி தமிழகத்திற்கே உரியது. தலைப்பிள்ளைப் பேற்றிற்கு, வளைகாப்பு முடிந்தபின் பெண் தாய்வீடு செல்வது வழக்கம். கருவுற்றதைப் பதிவு செய்ததும் முதல் பரிசோதனைகள் நடந்ததும் ஓரூர். பிள்ளை பிறப்பது வேறூர். திருப்பூரிலோ சென்னையிலோ பதிவு செய்துவிட்டுத் தென்காசிக்கு வரும் பெண்ணின் ஸ்கேன் அறிக்கை கணவர் வீட்டு அலமாரியில் தங்கிவிடுவதுண்டு. வளைகாப்பன்று சீர்த்தட்டுகளை எண்ணிப் பார்க்கும் வீட்டார், மருத்துவக் கோப்பையும் அதேபோல எண்ணி வாங்கிக்கொள்வது சிறந்தது.

ஆவணங்கள்

பையில் முதலில் வைக்க வேண்டியவை இவையே. தாய் சேய் நல அட்டை, குருதிவகை உள்ளிட்ட குருதிப் பரிசோதனை முடிவுகள், எல்லா ஸ்கேன் அறிக்கைகள், முந்தைய அறுவை இருந்தால் அதன் வெளியேற்றச் சீட்டு, ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவை இன்றியமையாதன. தமிழ்நாட்டில் கருவுற்ற ஒவ்வொரு பெண்ணும் 'பிக்மி' என்னும் இணையவழிப் பதிவில் சேர்க்கப்பட்டு, அவருக்கென 12 இலக்க எண் ஒன்று வழங்கப்படுகிறது. பிறப்புச் சான்றிதழுக்கு இவ்வெண் கேட்கப்படுவதால் இதைத் தனித்தாளில் எழுதி வைப்பது பயன் தரும்.

தாயின் குருதி ஆர்எச் எதிர் வகையாகவும், குழந்தையின் குருதி நேர் வகையாகவும் இருந்தால், பேற்றிற்குப் பின் 72 மணி நேரத்திற்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போடப்பட வேண்டும். இத்தகையோர் தம் குருதிவகையைக் கோப்பின் மேலட்டையிலேயே பெரிதாக எழுதிவிடலாம். அரிய குருதிவகை உடையோர், அதே வகை கொண்ட உறவினர், நண்பர் இருவர் மூவரின் தொலைபேசி எண்களையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும்.

1987 இல் தொடங்கப்பட்ட டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின்கீழ் வழங்கப்படும் உதவி, 2018 இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பையும் சேர்த்து 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பணம் பெண்ணின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படும். ஆதாரில் தந்தையின் முதலெழுத்தும், கணக்குப் புத்தகத்தில் கணவரின் பெயரும் இருப்பின் இடர்ப்பாடு எழும். இதைப் பேற்றிற்கு முன்பே சரிசெய்வது எளிது.

சாரலும் துணியும்

தென்காசியிலிருந்து சுமார் 5 கி.மீ. தொலைவில் குற்றாலம் அமைந்துள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்துடன் நுழைவதால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இப்பகுதியில் நாட்கணக்கில் சாரல் பெய்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு இது 'சீசன்'. பச்சிளங்குழந்தை உள்ள வீட்டிற்கோ துவைத்த துணி காயாத காலம்.

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணியைவிட, பலமுறை துவைத்து மென்மையான பழைய பருத்தி வேட்டியையும் சேலையையும் கிழித்துப் பயன்படுத்துவதே இங்கு மரபு. மருத்துவ நோக்கிலும் இது ஏற்கத்தக்கதே. கஞ்சிப்பசை இல்லை, நீரை நன்கு உறிஞ்சும். ஆனால் அவை நன்றாகத் துவைக்கப்பட்டு, வெயிலில் முழுதும் உலர்ந்திருக்க வேண்டும். ஜூலையில் பேறுகாலம் என்றால் மே மாதத்து வெயிலிலேயே துணிகளைக் காயவைத்து, இஸ்திரி போட்டு, ஈரம் புகாத நெகிழிப் பையில் கட்டி வைப்பது அறிவுடைமை. மற்றக் காலங்களில் பத்துப் பன்னிரண்டு துண்டுகள் போதுமெனில், சாரல் காலத்தில் அதைப்போல் இரு மடங்கு தேவைப்படும். அரைகுறையாகக் காய்ந்த துணியைக் குழந்தைக்குச் சுற்றக் கூடாது.

காரணம் வெறும் அசௌகரியம் மட்டுமன்று. பச்சிளங்குழந்தையின் உடல் வெப்பநிலை 36.5 முதல் 37.5 பாகை செல்சியசு வரை இருக்க வேண்டும். பனிக்குட நீரால் நனைந்து பிறக்கும் குழந்தை விரைவில் வெப்பத்தை இழக்கிறது. எடை குறைந்த குழந்தைகளுக்கு இக்குளிர்ச்சி உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். எனவே துடைக்க ஒன்று, சுற்ற ஒன்று என இரண்டு உலர்ந்த துணிகள், தலையை மூடும் தொப்பி, காலுறை ஆகியவை பையின் மேற்பகுதியில் இருக்க வேண்டும். செவிலியர் கேட்டதும் அடியில் கைவிட்டுத் துழாவும் நிலை கூடாது. குழந்தையைத் தாயின் மார்போடு தோலுடன் தோல் படுமாறு கிடத்துவதே எத்துணியினும் சிறந்த கதகதப்பு ஆகும். முதல் குளியலை 24 மணி நேரம் கழித்தே செய்யுமாறு உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைக்கிறது.

தாய்க்கும் உடனிருப்பவருக்கும்

முன்பக்கம் திறக்கும் நைட்டிகள் மூன்று அல்லது நான்கு, உள்ளாடைகள், பெரிய அளவு அணையாடைகள், துண்டு, சீப்பு, பற்பசை, செருப்பு, தட்டு, தம்ளர் ஆகியவை தாய்க்குப் போதுமானவை. அறுவைக்குப் பின் தையல் உறுத்தாதிருக்கத் தளர்ந்த ஆடை தேவை. நகைகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். நகப்பூச்சும் கூடாது, குருதியின் உயிர்வளி அளவை விரலில் மாட்டிக் கணிக்கும் கருவிக்கு அது இடையூறாகலாம்.

பட்டியல்கள் பலவும் மறந்துவிடும் ஒருவர் உடனிருப்பவர். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பேற்றின்போது பெண் உறவினர் ஒருவர் உடனிருக்க 2004 முதல் வழிசெய்யப்பட்டுள்ளது. பெரும்பாலும் அவர் பெண்ணின் அம்மாவாகவோ பெரியம்மாவாகவோ, ஐம்பது வயதைக் கடந்தவராகவோ இருப்பார். பாய், போர்வை, மாற்றுச்சேலை, பிளாஸ்க், தூக்குவாளி, சில்லறைப் பணம், கைபேசி மின்னேற்றி ஆகியவற்றுடன், அவர் நாள்தோறும் உண்ணும் நீரிழிவு அல்லது குருதியழுத்த மாத்திரைகளும் பையில் இருக்க வேண்டும். துணைக்கு வந்தவரே மயங்கி விழுந்தால் பார்ப்பதற்கு ஆளிருக்காது.

பையில் இருக்கக் கூடாதவை

தென்மாவட்டங்களில் பிறந்த குழந்தையின் நாவில் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தொட்டு வைக்கும் 'சேனை' என்னும் வழக்கம் உண்டு. சேனை வைத்தவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. அன்பின் வெளிப்பாடாயினும் இதை மருத்துவர்கள் ஏற்பதில்லை. தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிரியின் வித்துகள், ஓராண்டு நிறையாத குழந்தைகளுக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சேற்றத்தை உண்டாக்கலாம். கழுதைப்பால், ஆமணக்கெண்ணெய், உரைத்த வசம்பு ஆகியவையும் வேண்டா. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் கிடைக்கும் சீம்பாலே முதல் உணவு. தேன் புட்டியைப் பையில் வைக்காமல் விடுவது, அறையில் பெரியவரோடு வாதாடுவதைவிட எளிது. சேனை தொட விரும்பும் தாத்தாவிடம் குழந்தையை முதலில் கையில் கொடுக்கும் உரிமையை அளிக்கும் குடும்பங்களும் உள்ளன.

பால்புட்டி, பால்மாவு ஆகியவற்றையும் 'இருக்கட்டுமே' என்று எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. இவற்றின் விளம்பரத்தை 1992 ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் தடை செய்துள்ளது. குழந்தைக்கு முகப்பூச்சுத் தூளும் கண்மையும் தேவையற்றவை. தொப்புள்கொடியில் எதுவும் பூசாமல் உலர்வாக விடுவதே முறை.

அரசு வழங்கும் பெட்டகங்கள்

பின்லாந்தில் 1938 முதல் வறிய தாய்மார்க்கும், 1949 முதல் எல்லாத் தாய்மார்க்கும் குழந்தைத் துணிகள் அடங்கிய பெட்டி வழங்கப்படுகிறது. நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவப் பரிசோதனை செய்துகொள்வது இதைப் பெறுவதற்கான நிபந்தனை. தமிழ்நாட்டில் 2015 செப்டம்பரில் அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத் திட்டம் தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கான அப்பெட்டகத்தில் துண்டு, உடை, படுக்கை, கொசுவலை, எண்ணெய், சவர்க்காரம், கிலுகிலுப்பை, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் உள்ளிட்ட 16 பொருட்கள் இடம்பெற்றன. தெலங்கானாவிலும் 2017 இல் இத்தகைய பெட்டகம் அறிமுகமானது. இவை பிள்ளை பிறந்தபின் கைக்கு வருபவை ஆதலால், புறப்படும்போது தேவைப்படும் பைக்கு மாற்றாகா.

புறப்பாடும் திரும்புதலும்

பனிக்குடம் உடைதல், குருதிப்போக்கு, சீரான இடைவெளியில் வலுக்கும் வலி, குழந்தையின் அசைவு குறைதல், கடும் தலைவலியுடன் கண் மங்குதல், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே புறப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவை 2008 முதல் இயங்கிவருகிறது. சீசன் காலத்து வார இறுதிகளில் தென்காசி-குற்றாலம் சாலை வண்டிகளால் நிறைந்துவிடும். புளியரை, வடகரை, கடையம் போன்ற ஊர்களில் உள்ளோர் இதற்கேற்ப நேரம் கணித்துக்கொள்ள வேண்டும். நிலைமை சிக்கலானால் தென்காசியிலிருந்து 50 கி.மீ.க்கு மேல் தொலைவிலுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படலாம். அந்நேரத்தில் ஆவணக் கோப்பும் குழந்தையின் உலர்துணியும் ஊர்தியில் ஏறின என்பதை உறுதிசெய்ய வேண்டும். மற்றவை பின்னால் வரலாம்.

2011 இல் நடுவண் அரசு தொடங்கிய தாய் சேய் பாதுகாப்புத் திட்டப்படி, அரசு மருத்துவமனைகளில் பேறு, அறுவை, மருந்து, உணவு, வீடு திரும்ப ஊர்தி ஆகியவை கட்டணமற்றவை. வீடு திரும்புமுன் குழந்தைக்கு பிசிஜி, போலியோ, மஞ்சள்காமாலை பி ஆகிய தடுப்பு மருந்துகள் அளிக்கப்பட்டு அட்டையில் குறிக்கப்பட்டனவா என்று பார்த்து, வெளியேற்றச் சீட்டையும் அதே கோப்பில் சேர்க்க வேண்டும். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். மருத்துவமனையில் பெற்றோர் பெயரை எழுதித் தருமிடத்தில், எழுத்துகளை ஆதாருடன் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும்.