அச்சுப் பொறியும் திருச்சபையின் நம்பகமும்

அரசு, நீதிமன்றம், செய்தித்தாள், திருச்சபை ஆகிய எதன் சொல்லையும் மக்கள் முன்போல ஐயமின்றி ஏற்பதில்லை என்னும் முறையீட்டை நம் நாட்களில் எங்கும் கேட்கிறோம். கைப்பேசி வழியே நொடிப்பொழுதில் பரவும் வதந்திகளும், ஒருவர் பேசாததைப் பேசியதாகக் காட்ட வல்ல கருவிகளுமே இதற்குக் காரணம் எனப் பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். புதுக் கருவி வந்தது, பழைய நம்பிக்கை போயிற்று என்னும் இவ்வாய்பாடு, திருச்சபை வரலாறு பயில்வோருக்குப் புதியதன்று. அச்சுப் பொறி தோன்றியது, ரோமாபுரியின் அதிகாரம் சரிந்தது என்றே பாடநூல்கள் பலவும் உரைக்கின்றன. ஆயின் நிகழ்ச்சிகளை அவை நடந்த வரிசையிலேயே வைத்து நோக்குவோமாகில், அச்சுப் பொறியை முதன்முதல் கைக்கொண்டோருள் திருச்சபைத் தலைமையும் ஒன்று என்பது புலனாகும்.

1453ஆம் ஆண்டில் கொன்ஸ்தாந்திநோபிள் துருக்கியர் வசமாயிற்று. அடுத்ததாகச் சைப்ரஸ் தீவுக்கும் ஆபத்து நேரும் என்று அஞ்சப்பட்டது. அதனைக் காப்பதற்குப் பொருளுதவி செய்வோருக்கு ஐந்தாம் நிக்கொலாஸ் என்னும் போப்பாண்டவர் அளித்த சலுகையின் பேரில், மைன்ஸ் நகரில் 1454, 1455ஆம் ஆண்டுகளில் சீட்டுகள் அச்சிடப்பட்டன. ஐரோப்பாவில் அசையும் அச்செழுத்துகளால் அச்சிடப்பட்டு, நாள் குறிக்கப்பெற்று இன்றளவும் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையவை இவையே. ஒவ்வொரு சீட்டிலும் பெறுபவரின் பெயருக்கும், ஊருக்கும், நாளுக்கும் வெற்றிடம் விடப்பட்டிருந்தது. முன்பு எழுத்தர் ஒருவர் ஒவ்வொன்றாகக் கையால் எழுதித் தந்த ஒன்று, இப்போது பெயர் மட்டும் நிரப்பப்பட வேண்டிய படிவமாகிவிட்டது. வேதாகமம் முழுமையாக அச்சேறி முடிந்ததும் ஏறத்தாழ அதே காலத்தில், அதே நகரத்திலேதான்.

இச்சீட்டுகளை நாம் 'பாவமன்னிப்புச் சீட்டு' என்று அழைத்துப் பழகிவிட்டோம். இப்பெயர் சற்றுத் தவறான எண்ணத்தைத் தருவது. பாவசங்கீர்த்தனத்தில் மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு இம்மையிலோ உத்தரிக்கும் ஸ்தலத்திலோ எஞ்சி நிற்கும் தண்டனையின் தளர்வு என்பதே ரோமன் கத்தோலிக்கர் இதற்குத் தரும் பொருள். எதிர்த்தரப்பின் போதனையை அதன் செவ்விய வடிவில் எடுத்துரைத்த பின்னரே அதனை மறுக்க வேண்டும் என்பது நம் விருப்பம். ஆயினும் சந்தைவெளியில் நின்ற குடியானவனுக்கு இந்த நுண்ணிய வேறுபாடு எவ்வளவு எட்டியிருக்கும்? 1476ஆம் ஆண்டில் நான்காம் சிக்ஸ்துஸ் இச்சலுகையை மரித்தோரின் ஆத்துமாக்களுக்கும் விரித்தார். இறந்துபோன தாய்க்காகவும் தகப்பனுக்காகவும் வாங்கலாம் என்றான பின்னர், வாங்குவோரின் தொகைக்கு எல்லை ஏது? கையால் எழுதிய காலத்தில் எழுத்தரின் விரல்களே இவ்வாணிபத்துக்கு ஓர் அளவு வைத்திருந்தன. அந்த அளவை அச்சுப் பொறி அகற்றிவிட்டது.

1517ஆம் ஆண்டுக்கு வருவோம். பிராண்டன்பர்க் ஆல்பிரெக்ட் என்பார் 1490இல் பிறந்தவர். 1513இல் மாக்டபர்க்கின் பேராயராகவும், மறு ஆண்டே மைன்ஸின் பேராயராகவும் ஆனவர். உரிய வயதும் எய்தாமல், ஒருவரே இத்தனை பதவிகளை வகிப்பதற்கு ரோமாபுரிக்குப் பெருந்தொகை செலுத்த வேண்டியிருந்தது. அத்தொகையை ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் குடும்ப வங்கியினரிடம் அவர் கடனாகப் பெற்றார். பத்தாம் லியோ பரிசுத்த பேதுரு பேராலயக் கட்டடத்துக்கென 1515இல் அளித்த சலுகையின் வருமானத்தில் பாதி ரோமாபுரிக்கும், மறுபாதி இக்கடனை அடைப்பதற்கும் என்று ஏற்பாடாயிற்று. மக்கள் முன் அறிவிக்கப்பட்டது பேதுருவின் ஆலயம் மட்டுமே. கடனைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. காணிக்கைப் பெட்டிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டுகள் இடப்பட்டு, சாவிகள் வெவ்வேறு கைகளில் இருந்தன. மக்களிடம் முழு நம்பிக்கையை வேண்டியவர்கள் தம்முள் ஒருவரையொருவர் நம்பவில்லை என்பதற்கு இப்பூட்டுகளே சான்று.

சாக்சனி அதிபர் ஞானி பிரெடரிக் தம் எல்லைக்குள் தெட்செல் நுழைவதைத் தடுத்தார். இதனைச் சுவிசேஷ வைராக்கியம் என்று எண்ணிவிடலாகாது. விட்டன்பர்க் கோட்டை ஆலயத்தில் அவர் சேர்த்து வைத்திருந்த புனிதப் பொருள்கள் ஆயிரக்கணக்கானவை. அவற்றைத் தரிசிப்போருக்கும் தண்டனைத் தளர்வு உண்டு என்று சொல்லப்பட்டது. 1509இல் படங்களுடன் அதற்கொரு பட்டியலும் அச்சாயிற்று. தம் குடிகளின் காசு அயல்நாட்டுப் பெட்டிக்குப் போவதை எந்த அதிபர்தான் விரும்புவார்? ஆயினும் விட்டன்பர்க் மக்கள் எல்லை கடந்து யூட்டர்போக் நகருக்குச் சென்று சீட்டு வாங்கினர். திரும்பிவந்து அதைத் தம் போதகரிடம் காட்டினர்.

அப்போதகராகிய லூத்தர் 1517 அக்டோபர் 31ஆம் நாள் ஆல்பிரெக்டுக்கு எழுதிய கடிதம், மிகுந்த பணிவோடு எழுதப்பட்ட ஒன்று. பேராயரின் கடனைப் பற்றி அவர் அப்போது அறிந்திருக்கவில்லை. தீயவர்கள் பேராயரின் பெயரை மாசுபடுத்துகின்றனர், அதை அவருக்கு அறிவித்தல் தம் கடமை என்றே கருதினார். கடிதத்துடன் அனுப்பிய தொண்ணூற்றைந்து கூற்றுகளின் இறுதிப் பகுதியைப் பலர் கவனமின்றிக் கடந்து விடுகின்றனர். அங்கே லூத்தர் பொதுமக்கள் கேட்கும் கூரிய கேள்விகள் என்று சிலவற்றை அடுக்குகிறார். பெருஞ்செல்வரான போப்பாண்டவர் தம் சொந்தப் பணத்தால் ஓர் ஆலயத்தைக் கட்டலாகாதா என்பது அவற்றுள் ஒன்று. அக்கேள்விகள் லூத்தரின் அறையில் பிறந்தவை அல்ல. தெருவில் முன்பே உலவியவை. நம்பிக்கை அப்போதே கசிந்துகொண்டிருந்தது. லூத்தரின் கூற்றுகள் அவ்வாண்டு முடியுமுன் லைப்சிக், நூரென்பர்க், பாசல் நகரங்களில் அச்சேறியபோது, வாசித்தவர்கள் அவற்றில் தங்கள் ஐயத்தையே கண்டனர். 1518இல் அவர் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட சிறு பிரசங்கம் இரண்டாண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நமக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் ரோமாபுரியின் சொல்லை ஐயுறக் கற்ற மக்கள் விட்டன்பர்க்கின் சொல்லை மட்டும் ஐயுறாமல் விடுவார்களா? லூத்தரின் பெயர் நல்ல விலை போயிற்று. பிற நகரத்து அச்சகத்தார் பலர் தம் பிரதிகளின் முகப்பில் 'விட்டன்பர்க்' என்று பொய்யாக இட்டு விற்றனர். பிழை மலிந்த பிரதிகள் பெருகின. ஆகவே 1524இல், கொடி தாங்கிய ஆட்டுக்குட்டியும், தம் பெயரின் முதலெழுத்துகளோடு கூடிய ரோஜாவும் அமைந்த அடையாளத்தைத் தம் நூலில் பதிப்பித்து, இது இருப்பதே தம் கையால் திருத்தப்பட்டது என்று லூத்தர் அறிவிக்க நேர்ந்தது. போப்பாண்டவரின் முத்திரையை ஏற்க மறுத்தவர் ஏழே ஆண்டுகளில் தமக்கென ஒரு முத்திரையைத் தேட வேண்டியவரானார். இதனை ஏளனமாகக் கூறவில்லை. எவரும் எதையும் அச்சிடலாம் என்னும் நிலையில், இது யாருடைய சொல், அதற்குப் பொறுப்பு யார் என்னும் வினா எல்லாத் தரப்பினர் முன்னும் வந்து நின்றது.

மறு ஆண்டு நேர்ந்தது இதனினும் கசப்பானது. குடியானவரின் பன்னிரண்டு கோரிக்கைகள் 1525 மார்ச்சில் மெம்மிங்கனில் உருவாகி, அச்சில் வெகு விரைவாகப் பரவின. கிளர்ச்சி மூண்டதும் அவர்களுக்கு எதிராக லூத்தர் எழுதிய கடுமொழிகளை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது. ஆயினும் அவற்றின் அச்சு வரலாறு கவனிக்கத்தக்கது. சமாதானத்துக்கு வருமாறு பிரபுக்களையும் குடியானவரையும் ஒருங்கே கடிந்து அவர் முன்னர் எழுதிய அறிவுரையின் பின்னிணைப்பாகவே அது முதலில் வந்தது. பிற ஊர் அச்சகத்தார் அறிவுரையை விட்டுவிட்டுக் கடுமொழிகளை மட்டும் தனியே அச்சிட்டனர். அது ஊர்ஊராகச் சென்று சேர்ந்த வேளையில், மே 15ஆம் நாள் ஃபிராங்கன்ஹவுசனில் குடியானவர் ஆயிரக்கணக்கில் வெட்டுண்டு முடிந்திருந்தனர். பிணங்களின் மேல் நின்று வசைபாடியவராக லூத்தர் தோன்றினார். எளிய மக்கள் பலரிடத்தில் அவர் இழந்த நம்பிக்கை பின்னர் முழுமையாகத் திரும்பவில்லை.

ரோமாபுரியும் தன் தவற்றை உணராமலிருக்கவில்லை. தண்டனைத் தளர்வின் பேரில் காணிக்கை தண்டுவோரின் பதவியைத் திரெந்து சங்கம் 1562இல் ஒழித்தது. கட்டணத்துடன் இணைந்த சலுகைகள் அனைத்தையும் ஐந்தாம் பயஸ் 1567இல் ரத்து செய்தார். ஐம்பது ஆண்டுகள் தாமதம்; அதற்குள் வட ஐரோப்பாவின் பெரும்பகுதி பிரிந்துவிட்டது.

முடிக்குமுன், பெட்டிகளைப் பற்றிப் பேசியதால், மற்றொரு பெட்டியையும் குறிப்பிட வேண்டும். சாக்சனியில் லைஸ்னிக் என்னும் சிற்றூர்ச் சபையார், ஆலயச் சொத்துகளையும் காணிக்கைகளையும் ஒரே பொதுப் பெட்டியில் சேர்த்து, போதகருக்கும், பள்ளிக்கும், ஏழைகளுக்கும் அதிலிருந்தே வழங்குவதென 1523இல் தீர்மானித்தனர். லூத்தர் அத்திட்டத்துக்கு முன்னுரை எழுதி அச்சிடுவித்தார். பிரபுக்கள், நகர மன்றத்தார், நகர மக்கள், நாட்டுப்புறக் குடியானவர் ஆகியோரினின்று பத்துப் பேர் அதன் கண்காணிகள். அப்பெட்டிக்கும் நான்கு பூட்டுகள். ஒவ்வொரு பிரிவினரிடமும் ஒரு சாவி. ஆனால் ஆண்டுக்கு மூன்று முறை சபையார் அனைவரையும் கூட்டி, வரவும் செலவும் அவர்கள் செவிகேட்க வாசிக்கப்பட வேண்டும் என்பதும் விதியாயிற்று. ஃபுக்கர்களின் கணக்கை எந்தச் சந்தைவெளியிலும் யாரும் வாசித்ததில்லை.

லைஸ்னிக் மக்களின் திட்டம் அவர்கள் விரும்பியவாறு எளிதில் நிறைவேறவில்லை. சீர்திருத்தத்தை மனமுவந்து ஏற்ற அவ்வூர் நகர மன்றத்தாரே, தம் கைவசமிருந்த அறக்கட்டளைச் சொத்துகளைப் பொதுப் பெட்டிக்கு விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டனர்.