போபர்ஸ் பீரங்கி ஒப்பந்தமும் தொழில்நுட்பத்தின்மீது படிந்த ஐயமும்

இந்திய அரசு 1986 மார்ச் 24 அன்று, சுவீடனின் போபர்ஸ் நிறுவனத்திடம் 155 மி.மீ. பீரங்கிகள் 410 வாங்க ஒப்பந்தம் செய்தது. 1987 ஏப்ரலில் சுவீடன் வானொலி, இதற்கெனக் கையூட்டு வழங்கப்பட்டதாக அறிவித்தது. 1989 பொதுத்தேர்தலில் இக்குற்றச்சாட்டு முதன்மை பெற்றது, காங்கிரஸ் ஆட்சியிழந்தது. மறைந்த ராஜீவ் காந்தி மீதான கையூட்டுக் குற்றச்சாட்டைத் தில்லி உயர்நீதிமன்றம் 2004இல் தள்ளுபடி செய்தது.

இதன் மற்றொரு விளைவும் ஆய்வுக்குரியது. ஒப்பந்தப்படி பீரங்கியின் தொழில்நுட்ப வரைபடங்களும் இந்தியாவிற்கு வந்திருந்தன. நிறுவனத்தின்மீது எழுந்த ஐயம் அவற்றின்மீதும் படிந்தமையால் உள்நாட்டு உற்பத்தி தொடங்கப்படவில்லை. 1999 கார்கில் போரில் இப்பீரங்கிகளே படைக்குப் பெருந்துணையாயின. அவ்வரைபடங்களை அடிப்படையாகக் கொண்டு உருவான ‘தனுஷ்’ பீரங்கி 2019இல்தான் படையில் சேர்ந்தது. விற்றவரையும் பெற்ற தொழில்நுட்பத்தையும் பிரித்துநோக்காமையால் ஏறத்தாழ முப்பதாண்டுகள் வீணாயின என்பது இதனாற் பெறப்படும்.