இருந்த இடத்திற்கு வந்த நல்கை

புகார் நகரில் வந்து தங்கிய பிறநாட்டு மக்களைப் பட்டினப்பாலை ‘புலம்பெயர்’ என்னும் அடையால் குறிக்கிறது. அவர்கள் வணிகத்தின் பொருட்டு விரும்பி வந்தவர்கள். இன்றோ அச்சொல் போருக்கும் ஒடுக்குமுறைக்கும் அஞ்சி நாடு நீங்கியோரையே பெரிதும் குறிக்கிறது. நாட்டெல்லையைக் கடவாமல் ஊரை மட்டும் இழந்தோரை ‘இடம்பெயர்ந்தோர்’ எனப் பிரித்துச் சொல்கிறோம். அல்லற்பட்ட அறிஞர்க்கு உதவிய முயற்சிகளின் வரலாற்றை விளங்கிக்கொள்ளவும் இவ்வேறுபாடு துணைசெய்கிறது.

ஜெர்மனியில் 1933 ஏப்ரலில் இயற்றப்பட்ட அரசுப்பணிச் சட்டம், யூதப் பேராசிரியர்களையும் அரசியல் எதிர்ப்பாளர்களையும் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றியது. அடுத்த மாதமே வில்லியம் பெவரிட்ஜின் முயற்சியால் லண்டனில் கல்வியாளர் உதவி மன்றம் தோன்றியது. இயற்பியலறிஞர் ரூதர்போர்டு அதன் தலைவரானார். அதே ஆண்டில் நியூயார்க்கிலும் ஓர் அவசர உதவிக் குழு அமைந்தது. அக்குழுவை நாடியவர்கள் 6,000க்கும் மேற்பட்டோர். நல்கை பெற்றவர்கள் 335 பேர். இவ்வமைப்புகள் அறிஞரை அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அமர்த்திக் காத்தன. நுழைவிசைவும் பணியிடமும் கிடைக்காதோர் உதவிக்கு வெளியே நின்றனர்.

அவ்வாறு ஜெர்மனியிலேயே தங்கிவிட்டவர்களுள் ஒருவர் மொழியறிஞர் விக்டர் கிளெம்பரர். 1935இல் டிரெஸ்டன் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். நூலகக் கதவுகளும் அவருக்கு அடைக்கப்பட்டன. ஆயினும் அவர் நாட்குறிப்பு எழுதுவதை நிறுத்தவில்லை. எழுதிய தாள்களை அவர் மனைவி கொண்டுசென்று ஒரு தோழியிடம் ஒளித்துவைத்தார். கண்மூடித்தனமான வெறியைக் குறித்த ஒரு வசைச்சொல், ஹிட்லர் ஆட்சியில் பாராட்டுச்சொல்லாக மாறியதை அவர் நாள்தோறும் கவனித்தார். அக்குறிப்புகளிலிருந்தே 1947இல் நாஜி ஆட்சியின் மொழியைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. சொற்கள் பொருள் திரியும்போதே அருகிலிருந்து கேட்டவரால்தான் அந்நூலை எழுத முடிந்தது. அந்த அருகாமைக்காக அவருக்கு எந்த நிறுவனமும் ஒரு காசும் தரவில்லை.

உக்ரைன் மீது ரஷ்யா 2022 பிப்ரவரி 24 அன்று முழு அளவில் படையெடுத்தபோது, இக்குறை வேறு வடிவில் மீண்டும் எழுந்தது. 18 முதல் 60 வயது வரையுள்ள ஆண்களுள் பெரும்பாலோர் நாட்டைவிட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. முதியோரையும் மாணவர்களையும் விட்டுச்செல்ல மனமில்லாதோரும் பலர். ரஷ்யாவிலோ ‘போர்’ என்னும் சொல்லுக்கு மாற்றாகச் ‘சிறப்பு இராணுவ நடவடிக்கை’ என்பதே அரசின் சொல்லாயிற்று. படையைப் பற்றிப் ‘பொய்த்தகவல்’ பரப்பியதாகக் கருதப்படுவோர்க்கு 15 ஆண்டுவரை சிறை விதிக்கும் சட்டம் அவ்வாண்டு மார்ச்சில் வந்தது. நிகழ்வுகளை அவற்றுக்குரிய பெயரால் உடனுக்குடன் பதிவதே ஆய்வாளரின் கடமையாகிவிட்ட நிலை அது.

அந்நிலையில் வியன்னாவிலுள்ள மானுட அறிவியல் நிறுவனம், உக்ரைனை ஆவணப்படுத்தும் திட்டமொன்றை 2022இல் தொடங்கியது. அறிஞர், இதழாளர், கலைஞர், ஆவணக் காப்பாளர் எனப் பலரும் அதில் நல்கை பெற்றனர். வியன்னாவில் வந்து தங்கவேண்டும் என்னும் கட்டாயமின்றி, உக்ரைனியப் புலமையாளர்க்குத் தொலைவழி நல்கைகளையும் அந்நிறுவனம் வழங்கியது. 1933இல் அறிஞர் நல்கையைத் தேடிப் பயணம் செய்தார். 2022இல் நல்கை அறிஞரைத் தேடிச் சென்றது. தொகை சிறிதாயினும், ஊதியம் நின்றுபோன ஒருவர் தம் ஆய்வைக் கைவிடாதிருக்க அது போதுமானதாகலாம்.

இம்முறைக்கு வரம்புகளும் உண்டு. நல்கை ஏவுகணையைத் தடுக்காது. மின்சாரம் அறுந்த நகரில் இணையவழி நூலகம் பயன்படாது. ஆக்கிரமிக்கப்பட்ட ஊரில் உறவினரை விட்டுவந்த ஒருவரின் வாக்குமூலம் பெயருடன் வெளியானால், அவ்வுறவினர்க்குத் தீங்கு நேரலாம். ஆகவே பதிவைப் பாதுகாப்பான இடத்தில் வைப்பதும், அதைத் திறக்கவேண்டிய காலத்தை வரையறுப்பதும் நல்கையின் பகுதியாகவே அமையவேண்டும். உயிருக்கு அஞ்சி வெளியேற விழைவோர்க்குப் பழைய வழியும் திறந்திருக்கவேண்டும்.

காலந்தாழ்ந்த பதிவு எதை இழக்கிறது என்பதை நம் மண்ணே அறியும். 1942-43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களுள் எழுத்தறிந்தோர் சிலரே. அவர்கள் பேச்சை அங்கேயே கேட்டு எழுதுவதற்கென அமர்த்தப்பட்டவர் எவருமிலர். சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979இல் அமைந்தது. ஜப்பானியர் ஆட்சிக்கால நினைவுகளைத் திரட்டும் பணி 1981இல் தொடங்கியது. பாதை போடச் சென்றபோது 30 வயதினராயிருந்த ஒருவர், அப்பணி தொடங்கியபோது 68 அல்லது 69 வயதினராயிருப்பார். அதற்குள் அவருடைய தோழர் பலர் மறைந்திருப்பர். காட்டில் தாம் பட்டவற்றுக்கு அவர்கள் இட்டுவழங்கிய பெயர்களும் அவர்களோடு மறைந்திருக்கும். இன்று உக்ரைனில் ஒரு சொல்லை அது பேசப்பட்ட நாளும் ஊரும் குறித்து எழுதிவைப்பவர்க்குத் தரப்படும் நல்கை, அத்தகைய இழப்பைத் தடுப்பதற்கான செலவாகும்.