மாவ் காட்டுக் குடியேறிகள்

கென்யாவில் பிளவுப் பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பையொட்டிக் கிடக்கும் மாவ் காட்டுத் தொகுதிக்குள் குடிபுகுந்து பயிர் செய்துவரும் குடும்பங்களே மாவ் காட்டுக் குடியேறிகள் எனப்படுகின்றனர். கிப்சிகிஸ் இனத்தவர் இவர்களில் மிகுதி. அரசு இவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்கிறது. ஆனால் இவர்களில் பலர் கையில் அரசே முத்திரையிட்டுக் கொடுத்த பட்டா இருக்கிறது. மாவ் சிக்கல் இத்தனை ஆண்டுகளாகத் தீராமல் இழுபடுவதற்கு இந்த முரணே முதற்காரணம்.

மாவ் தொகுதியின் பரப்பு சுமார் 4 லட்சம் ஹெக்டேர். கென்யாவின் ஐந்து பெரிய நீர்ப்பிடிப்புக் காடுகளில் இதுவே பெரியது. மாரா, சோண்டு, நியாண்டோ, ஞோரோ, தெற்கு எவாசோ ஞிரோ முதலிய ஆறுகள் இங்கிருந்து இறங்கி விக்டோரியா, நகுரு, நேட்ரான் முதலிய ஏரிகளுக்குச் செல்கின்றன. கெரிச்சோ தேயிலைத் தோட்டங்களின் ஈரப்பதமும் சோண்டு ஆற்றின் நீர்மின் நிலையமும் இந்தக் காட்டை நம்பியவை. வறண்ட மாதங்களில் வடக்கு செரங்கெட்டியின் விலங்குகளுக்கு வற்றாமல் ஓடும் ஒரே ஆறு மாரா. மலைச்சரிவில் மரத்தை வெட்டி உருளைக்கிழங்கும் சோளமும் போட்டால் மழைநீர் மண்ணில் இறங்காமல் மேலாக ஓடிவிடுகிறது; மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் வெறும் மணல். ஞோரோ ஆறு கோடையில் வற்றத் தொடங்கியதும் நகுரு ஏரி சுருங்கியதும் 2009 வறட்சியின்போது நாடெங்கும் பேசப்பட்டன. எனினும் அடுத்த சில ஆண்டுகளில் பிளவுப் பள்ளத்தாக்கின் ஏரிகள் பலவும் கரை மீறி உயர்ந்தன. ஆகவே ஏரியின் நீர்மட்டத்தை மட்டும் சாட்சியாக வைத்துக் குடியேறிகளைக் கூண்டில் ஏற்றுவது சரிவராது.

காட்டின் பழங்குடிகள் ஒகீக் மக்கள். வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்தவர்கள். குடைந்த மரக்கட்டையே இவர்களின் தேன்கூடு. அதை உயர்ந்த மரங்களில் ஏற்றிக் கட்டிவைப்பார்கள். ஒவ்வொரு குலத்துக்கும் உரிய நிலம் அடிவாரத்திலிருந்து மேட்டுக்காடு வரை நீண்ட பட்டையாக அமைந்திருந்தது. மலையின் ஒவ்வொரு மட்டத்திலும் பூக்கும் காலம் வேறாதலால், பூவைத் தொடர்ந்து மேலும் கீழுமாக நகர்ந்தால் பல பருவங்களில் தேன் கிடைக்கும். இந்த நில உரிமையைக் காலனி அரசு ஏற்கவில்லை. மோரிஸ் கார்ட்டர் தலைமையில் 1932இல் அமைந்த நில ஆணையம், இத்தகைய காட்டுவாசிகளைப் பக்கத்து இனத்தாரின் ஒதுக்கீட்டு நிலங்களில் கலந்துவிடப் பரிந்துரைத்தது. அன்றுமுதல் ஒகீக்குகள் தங்கள் காட்டிலேயே அத்துமீறியவர்கள் ஆனார்கள்.

மறுபுறம், காட்டுக்குள் ஏரோட்டும் வழக்கத்தைத் தொடங்கிவைத்ததே வனத்துறைதான். 'ஷாம்பா' முறையில், வெட்டிய காட்டில் தொழிலாளர்கள் மரக்கன்று நட்டு, அது வளர்ந்து நிழல் கட்டும்வரை இடையில் உணவுப்பயிர் செய்துகொள்ளலாம். பலமுறை தடைசெய்யப்பட்டும் வேறு பெயர்களில் திரும்பி வந்த முறை இது.

1990களில் காடு தேர்தல் சரக்கானது. நகுரு பக்கத்துக் கிழக்கு மாவில், ஒகீக்குகளைக் குடியமர்த்துவதாகச் சொல்லித் தொடங்கிய திட்டங்களில் வெளியாட்களும் ஆட்சிக்கு வேண்டியவர்களும் நிலம் பெற்றனர். அதே காலத்தில், 1993இல், நரோக் பகுதியின் எனூசுபுகியா நீர்ப்பிடிப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதையொட்டி மூண்ட வன்முறையில் ஆயிரக்கணக்கான கிக்குயு இன விவசாயிகள் துரத்தப்பட்டனர். ஓரிடத்தில் காட்டைப் பங்கிட்டுக் கொடுத்ததும், இன்னோரிடத்தில் நீரைக் காக்கிறோம் என்று ஆட்களை விரட்டியதும் ஒரே ஆட்சிதான். அதிபர் மோய் ஆட்சியின் கடைசிக் காலமான 2001இல் மாவ் தொகுதியிலிருந்து 61,000 ஹெக்டேருக்கும் மேலான நிலம் காப்புக்காட்டுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

தெற்கே மாசாய் மாவில் நடந்தது இன்னும் நூதனமானது. இப்பகுதி மையஅரசின் காப்புக்காடு அல்ல. நரோக் உள்ளாட்சியின் பொறுப்பில் இருந்தது. காட்டின் ஓரமாக மாசாய் மக்களின் கூட்டு மேய்ச்சல் பண்ணைகள் இருந்தன. அவற்றை உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்க அளந்தபோது எல்லைக்கோடு காட்டுக்குள் தள்ளிப் போடப்பட்டது. பண்ணையின் பரப்பு காகிதத்தில் பெருகியது. உறுப்பினர் அல்லாதவர்கள் பெயரிலும் நிலம் பதிவானது. செல்வாக்குள்ளவர்கள் தம் பங்கைத் துண்டு போட்டு, நிலநெருக்கடி மிகுந்த பொமெட், கெரிச்சோ பகுதிகளிலிருந்து வந்த கிப்சிகிஸ் குடும்பங்களுக்கு விற்றார்கள். மாட்டை விற்றுக் காசு புரட்டியவர்கள் பலர் இருப்பார்கள். நில அளவையாளரையும் பதிவாளரையும் மீறிக் காட்டு எல்லையைச் சரிபார்க்க அவர்களால் முடிந்திருக்காது. விற்றவர் விலகிக்கொள்ள, வாங்கியவர் ஆக்கிரமிப்பாளர் ஆனார்.

பிரதமர் ரைலா ஒடிங்கா 2008இல் அமைத்த பணிக்குழு, மாவ் தொகுதியில் ஏறத்தாழ 1,07,000 ஹெக்டேர், அதாவது கால்பங்கு, பறிபோனதாக 2009 அறிக்கையில் கூறியது. பெரும்புள்ளிகளுக்குப் போன நிலமும் அதில் அடக்கம். ஆனால் அவ்வாண்டு நவம்பரில் தென்மேற்கு மாவிலிருந்து முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் பட்டாவே இல்லாத ஏழைகள். வீட்டைத் தாங்களே பிரித்து, தகரத்தைச் சுமந்து வந்து, காட்டோரம் கூடாரம் போட்டுப் பல ஆண்டுகள் கிடந்தார்கள். பட்டாதாரர்களுக்கு இழப்பீடு தருவதா என்ற கேள்வியில் வெளியேற்றத்தின் மற்ற கட்டங்கள் முடங்கின. 2007 தேர்தலில் ஒடிங்காவுக்குத் திரண்டு வாக்களித்த, கிப்சிகிஸ் இனத்தவரையும் உள்ளடக்கிய கலென்ஜின் சமூகம் அவரைவிட்டு விலக இந்த வெளியேற்றமும் காரணமாயிற்று. அதை எதிர்த்து முன்னின்ற அன்றைய வேளாண் அமைச்சர் வில்லியம் ரூட்டோ, 2022இல் அதிபரானார்.

மாசாய் மாவில் 2018, 2019 ஆண்டுகளில் இரு கட்டமாக மீண்டும் வெளியேற்றம் நடந்தது. வீடுகள் கொளுத்தப்பட்டன, பள்ளிகள் மூடப்பட்டன. காட்டுக்குள் விழும் பட்டாக்கள் செல்லாது என்றது அரசு. அப்படியானால் அவற்றை வழங்கிய அதிகாரிகள் மீது என்ன நடவடிக்கை என்பதற்கு அதே வேகத்தில் பதில் வரவில்லை.

ஒகீக்குகளின் வழக்கு வேறு திசையில் போனது. 2009 அக்டோபரில், 30 நாளில் காட்டைவிட்டு வெளியேறும்படி வனத்துறை விடுத்த அறிவிப்பை எதிர்த்து அவர்கள் ஆப்பிரிக்க மனித உரிமை அமைப்புகளை நாடினர். அரூஷாவிலுள்ள ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் 2017 மே 26 அன்று அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. காடு அழிந்ததற்குப் பிறரின் ஆக்கிரமிப்பும், அரசே குடியமர்த்தலுக்கு நிலத்தை விடுவித்ததும், மரம் வெட்ட உரிமம் கொடுத்ததுமே முக்கியக் காரணங்கள் என்றும், ஒகீக்குகளை அதற்குப் பொறுப்பாக்க முடியாது என்றும் கூறியது. வேட்டையாடி உணவு சேகரிக்கும் சமூகங்களின் மூதாதையர் நிலத்தைச் சமூக நிலமாக ஏற்கும் விதி கென்யாவின் 2010 அரசியலமைப்பின் 63ஆம் பிரிவிலேயே இருக்கிறது. 2022 ஜூன் தீர்ப்பில் 15 கோடி ஷில்லிங்குக்கும் மேலான இழப்பீடும், நிலத்துக்குக் கூட்டுப் பட்டாவும் வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 நவம்பரில் நரோக்கின் சசிம்வானியில் ஒகீக் வீடுகள் மறுபடி இடிக்கப்பட்டன. கூட்டுப் பட்டா அப்போதும் வழங்கப்பட்டிருக்கவில்லை.