டோசன் நகரின் படச்சுருள்களும் கனடியத் தேசிய சினிமாவும்

2014 முதல் ஆண்டுதோறும் ஏப்ரலில் ஒரு நாள் தேசிய கனடியத் திரைப்பட நாளாகக் கொண்டாடப்படுகிறது. நூலகங்களிலும் சிற்றூர் நூதனசாலைகளிலும் கனடியப் படங்கள் காட்டப்படுகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் ஒரு நாட்டு மக்கள் தமது படத்தைப் பார்க்க நூதனசாலைக்குப் போக நேர்ந்தது ஏன்?

யூக்கோன் பிரதேசத்து டோசன் நகரைக் கவனிப்போம். தங்க வேட்டையாற் பெருத்த அவ்வூர் படவிநியோகப் பாதையின் கடைசி முனை. அங்கு போன படங்களைத் திருப்பி எடுக்கும் செலவை விநியோகஸ்தர்கள் விரும்பவில்லை. தேங்கிய சுருள்களில் ஒரு தொகுதி 1929இல் பழைய நீச்சல் தடாகமொன்றை நிரப்பப் பயன்பட்டது. அதன்மேல் பனித்தளம் அமைந்தது. 1978இல் கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது அவை வெளிவந்தன. உள்ளூர் நூதனசாலையினரும் கனடிய ஆவணக்காப்பகத்தாரும் 533 சுருள்களை மீட்டனர். எளிதில் தீப்பற்றும் நைத்திரேற்றுச் சுருள்களை உறைநிலம் அரை நூற்றாண்டு காத்திருக்கிறது! அவற்றுட் பெரும்பாலானவை அமெரிக்கப் படங்கள் என்பதே எமது விடயத்துக்கு முக்கியம்.

இது தற்செயலன்று. 1930இலேயே கனடாவின் பெரிய திரையரங்கத் தொடர் பரமவுன்ற் நிறுவனத்தின் பிடிக்குள் போய்விட்டது. 1939இல் தேசிய திரைப்படச் சபையை நிறுவி, யுத்தகாலத்தில் ஊரூராகப் படங்காட்டிகளை அனுப்பிய அதே அரசு, 1948இல் ஹொலிவூட்டுடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. கனடா இறக்குமதிக்கு வரம்பு விதிக்காது. பதிலாக ஹொலிவூட் தன் படங்களிற் கனடாவைப் பற்றி நல்லதாய் நாலு வார்த்தை சொல்லும். 1952இல் வந்த 'பென்ட் ஒஃப் த ரிவர்' படத்தில் ஒரு பறவை கனடாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது. திரையரங்கைக் கொடுத்துப் பறவையை வாங்கிய வியாபாரம்! சென்னைப் படங்கள் நிறைந்த யாழ்ப்பாணத் திரையரங்குகளில் வளர்ந்த எமக்கு இதில் வியப்பதற்கு அதிகமில்லை.

நூதனசாலைக்காரரிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. அலனிஸ் ஒபொம்சவினின் 'கனெசடாகே' படத்தைப் போடுங்கள். 1990இல் ஒக்காவில் கோல்ஃப் மைதானத்தை விரிக்கத் தம் முன்னோரின் நிலம் கேட்கப்பட்டபோது மோஹோக் மக்கள் தடையரண் எழுப்பினர், இராணுவம் வந்தது. அபெனாக்கி இனத்தவரான ஒபொம்சவின் அரணுக்கு உட்புறமிருந்து படம்பிடித்தார். 1993இல் அதை வெளியிட்டது அரசின் திரைப்படச் சபையே. 'தேசிய' என்ற சொல்லின் கீழ் இப்படத்தை எங்கே வைப்பது? படம் முடிந்து விளக்குகள் எரிந்தபின், மோஹோக் மக்களும் அமர்ந்திருக்கும் அந்த மண்டபத்தில் இதைப் பேசலாம்.