பிளஸ்ஸா மைனஸா? பழைய கார்களின் எர்த் கதை

நீலகிரி என்றதும் ஊட்டி, ரோஜாத் தோட்டம், படகு என்றுதான் பலருக்கும் நினைவு வரும். அதே மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பந்தலூர் வட்டத்தில், கேரள எல்லைக்குப் பக்கத்தில் சேரங்கோடு இருக்கிறது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம் (இப்போதைய டான்டீ) கால் பதித்த பகுதி. தென்மேற்குப் பருவமழை இறங்கினால் லேசில் விடாது. மழை ஓய்ந்தாலும் மூட்டம் நிற்கும்.

இந்த மாதிரி ஈரத்தில் பழைய ஜீப்போ அம்பாசடரோ வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். இண்டிகேட்டர் போட்டால் பின் விளக்கும் கூடவே கண் சிமிட்டுகிறது, பிரேக் மிதித்தால் பார்க் லைட் மங்குகிறது, நேற்று எடுத்த செல்ஃப் இன்று 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது... பேட்டரியை மாற்றுவார்கள், செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார்கள். கடைசியில் குற்றவாளி 'எர்த்' என்று தெரியவரும். அந்த எர்த்துக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது.

ஒரு பல்பு எரிய மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும். நியாயப்படி இரண்டு வயர். ஆரம்பகாலக் கார்களின் உடம்பில் மரம் நிறைய இருந்தது, பல வண்டிகளில் இரண்டு வயர்தான் ஓடியது. பிறகு இரும்புச் சட்டமும் தகர பாடியும் வந்தன. 1912-ல் காடிலாக் கார் கெட்டரிங்கின் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரோடு வெளிவந்தது. காருக்குள் மின்சாரம் விளக்கைத் தாண்டி வளர ஆரம்பித்தது. வயர் கூடக் கூட செம்புச் செலவும் கூடுமே! அதனால் திரும்பி வரும் வேலையை இரும்பு உடம்பின் தலையில் கட்டிவிட்டார்கள். பேட்டரியின் ஒரு முனையைச் சேஸிஸில் முடுக்கிவிட்டால் பாதி வயர் மிச்சம். 'எர்த்' என்று பெயர் வைத்தாலும் அது மண்ணைத் தொடுவதே இல்லை, நாலு பக்கமும் ரப்பர் டயர்!

அடுத்த கேள்வி, எந்த முனையைச் சேஸிஸில் கட்டுவது? இங்கேதான் உலகம் இரண்டாகப் பிரிந்தது. கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ரொக்கப் புத்தகத்தில் பற்று என்று எழுதியது வங்கியின் பாஸ் புத்தகத்தில் வரவு. தொகை ஒன்றுதான், யார் பக்கமிருந்து பார்க்கிறோம் என்பதுதான் வித்தியாசம். பல்புக்கும் அப்படித்தான், எந்தப் பக்கமிருந்து மின்சாரம் வந்தாலும் எரியும்.

ஃபோர்டின் மாடல் ஏ பாசிடிவ் எர்த். ஜெனரல் மோட்டார்ஸ் பெரும்பாலும் நெகடிவ். பிரிட்டனில் 1930-களின் நடுவில் லூகாஸ் கம்பெனியும் அதைச் சார்ந்த கார்காரர்களும் பாசிடிவ் பக்கம் சாய்ந்தார்கள். சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, ஸ்பார்க் பிளக்கின் சூடான நடு முனை நெகடிவாக இருந்தால் குறைந்த வோல்ட்டேஜிலேயே பொறி பறக்கும். இது உண்மைதான், ஆனால் காயிலின் இரண்டு வயர்களை மாற்றிக் கட்டினாலே அந்தப் பலன் கிடைத்துவிடும். இன்னொன்று, அரிப்பு. ஈரத்தில் பாசிடிவாக இருக்கும் உலோகம்தான் முதலில் கரையும், அதனால் மெல்லிய வயர்களும் டெர்மினல்களும் நெகடிவாக இருப்பது நல்லது என்றார்கள். தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளும் இதே காரணத்துக்காகத்தான் 48 வோல்ட் பேட்டரியின் பாசிடிவை எர்த்தில் வைத்தன. மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடக்கும் கேபிளுக்கு அது பொருந்தும். காருக்கு எவ்வளவு பொருந்தும் என்பது சந்தேகம்தான்.

பாசிடிவ் எர்த்தின் ஆட்டத்தை முடித்தது டிரான்சிஸ்டரும் டயோடும். 1956 வாக்கில் அமெரிக்கக் கார்கள் 12 வோல்ட் நெகடிவ் எர்த்துக்கு வந்துவிட்டன. 1960-ல் கிரைஸ்லரின் வேலியன்ட் ஆல்டர்னேட்டரோடு வந்தது. பழைய டைனமோவுக்குப் பொறுமை அதிகம், திசையை மாற்றினாலும் ஒரு தடவை தூண்டிவிட்டால் பழகிக்கொள்ளும். ஆல்டர்னேட்டரின் டயோடுகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது, பேட்டரியைத் தலைகீழாகக் கட்டினால் அடுத்த நொடியே பொசுங்கிவிடும். டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கும் அதே கதி. 1967-ல் எம்ஜிபி காரும் நெகடிவுக்கு மாறியது. பிரிட்டன் இறங்கி வந்துவிட்டது.

நம் ஊருக்கு இரண்டு வம்சமும் வந்து சேர்ந்தன. அம்பாசடரின் மூலமான மாரிஸ் ஆக்ஸ்போர்டு பாசிடிவ் எர்த். மஹிந்திரா இங்கே தயாரித்த வில்லிஸ் ஜீப்பின் வம்சம் நெகடிவ் எர்த். 1961-ல் சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கிய பிறகு ஸ்டார்ட்டரும் டைனமோவும் இங்கேயே கிடைத்தன. ஆனால் ஒரே பட்டறைக்குள் இரண்டு விதமான எர்த் நின்றதுதான் சிக்கல். எஸ்டேட் ரோட்டில் பேட்டரி இறங்கிப்போன பாசிடிவ் எர்த் காருக்கு உதவ ஒரு ஜீப்பை ஒட்டி நிறுத்தி, பேட்டரிகளைச் சரியாக பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்றே கட்டுகிறார்கள் என்று வையுங்கள். இரண்டு பம்பர்களும் உரசினால் போதும், நேரடி ஷார்ட். பொறி பறக்கும், வயர் உருகும், பக்கத்தில் பெட்ரோல் வேறு. அதனால் பழைய வண்டியின் பானெட்டைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது சேஸிஸுக்குப் போகும் தடித்த வயர் எந்த முனையிலிருந்து போகிறது என்பதைத்தான். வயரின் நிறத்தை நம்பக் கூடாது. இடையில் யாராவது மாற்றிக் கட்டியிருக்கலாம்.

அதன் பிறகுதான் பழுது தேடல். எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் சேஸிஸுக்கும் நடுவே பின்னல் பட்டை ஒன்று உண்டு. செல்ஃப் அடிக்கும்போது 200 ஆம்பியர் வரை அதன் வழியே போகும். துருவால் அங்கே வெறும் 0.02 ஓம் தடை வந்தாலே 4 வோல்ட் வீண், 12-ல் 8 தான் மிச்சம். பட்டை முழுசாக அறுந்துவிட்டால் இன்னும் வேடிக்கை. மின்சாரம் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும், கேபிள் கை வைக்க முடியாமல் கொதிக்கும். 'சோக் கேபிள் சுடுகிறது' என்று யாராவது சொன்னால் சிரிக்க வேண்டாம், எர்த் பட்டையைப் பாருங்கள்.

மீட்டரில் ஓம் பார்ப்பது இங்கே ஏமாற்றிவிடும். பத்து இழையில் ஒன்று மிஞ்சியிருந்தாலும் அது 'நன்றாக இருக்கிறது' என்றே காட்டும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திருடன் அந்த வழியில்தான். மீட்டர் இல்லையா? ஜம்பர் கேபிள் ஒன்றை அதே இரண்டு இடத்திலும் மாட்டுங்கள். செல்ஃப் துள்ளி எடுத்தால் விஷயம் முடிந்தது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், புதுப்பித்த வண்டிகளிலும் இந்த நோய் நிறைய வருகிறது. துருவை எல்லாம் சுரண்டி, இரண்டு கோட்டிங் பெயின்ட் அடித்து, பளிங்கு மாதிரி கொண்டு வந்து நிறுத்துவார்கள். விளக்கு எரியாது. எர்த் போல்ட் உட்காரும் இடத்திலும் பெயின்ட் அடித்திருப்பார்கள்!