முகெட்டி (மலரோவியம்)

முகெட்டி, ஆங்கில ஓவியர் வினிஃபிரட் நிக்கல்சன் (1893–1981) 1921–22இல் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியமாகும். பூ, பழம், பாத்திரம் முதலியவற்றை அடுக்கி வைத்து வரையும் அசையாப்பொருள் ஓவிய மரபைச் சேர்ந்ததாயினும், அம்மரபு நெடுங்காலம் விரும்பிய இருண்ட பின்புலத்தை விலக்கி, பூந்தொட்டியைச் சன்னல் திண்டில் வைத்து வெளியுலகையே பின்புலமாக்கியதால் இது தனித்து நிற்கிறது. சன்னலோரக் காட்சி மத்தீஸ் போன்ற பிரெஞ்சு ஓவியர்கள் முன்பே கையாண்டதுதான். வினிஃபிரட் அதைத் தம் வாழ்நாள் பொருளாக்கிக் கொண்டார்.

ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்து, லண்டன் பையம் ஷா கலைப்பள்ளியில் பயின்ற அவர், தந்தையுடன் இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளைச் சுற்றி வந்த பின், 1920இல் ஓவியர் பென் நிக்கல்சனை மணந்தார். இருவரும் குளிர்காலத்தைச் சுவிட்சர்லாந்தின் லுகானோ ஏரிக்கு மேலுள்ள கஸ்தன்யோலாவில் கழித்தபோது, இத்தாலியர் முகெட்டி என வழங்கும், மணி வடிவ வெண்பூக்கள் கொண்ட செடியொன்றை மெல்லிய தாளில் சுற்றியபடியே பென் பரிசளித்தார். அத்தாளை அகற்றாமலே வினிஃபிரட் வரைந்தார். ஒளியைப் பாதி மறித்துப் பாதி உள்ளே விடும் அத்தாள்தான் அறையின் நிழலையும் மலை, ஏரி, வானத்தின் நீலத்தையும் ஒன்றோடொன்று இணைக்கிறது. பூக்களை விடவும் அதற்கே படத்தில் வேலை அதிகம். கேம்பிரிட்ஜ் கெட்டில்ஸ் யார்டு கலைக்கூடத்தில் உள்ள ‘சைக்ளமனும் பிரிமுலாவும்’ என்ற பிந்தைய ஓவியத்தில், தாளின் கூர்முனைகள் பின்னுள்ள மலைமுடிகளை ஒத்திருக்கின்றன.

1920களின் நடுவில் அவர் ‘ஏழும் ஐந்தும்’ என்ற கலைஞர் குழுவில் சேர்ந்தார். ஆனால் பென்னின் முனைப்பால் அக்குழு, உருவங்களைத் துறந்து வடிவத்தையும் நிறத்தையும் மட்டுமே நாடும் அரூப ஓவியத்தின் பக்கம் சாய்ந்து, 1935இல் அத்தகைய படைப்புகளை மட்டுமே காட்சிக்கு வைத்தது. மணவாழ்வு முறிந்தபின் பாரிசில் வாழ்ந்த வினிஃபிரட், அரூப ஓவியர் மோந்திரியானின் நட்பைப் பெற்றுத் தாமும் அரூப ஓவியங்கள் தீட்டினாரெனினும், மலர்களைக் கைவிடவில்லை. 1970களில் முப்பட்டகக் கண்ணாடி வழியே பூக்களை நோக்கி, விளிம்புகளில் சிதறும் வானவில் நிறங்களைத் தீட்டினார்.

நிறத்தைப் பற்றி வினிஃபிரட்டிடம் கற்றதைப் பென் பின்னாளில் ஒப்புக்கொண்டிருந்தும், பிரித்தானிய நவீனக் கலை வரலாறு அவரை நெடுங்காலம் பென்னின் முதல் மனைவியாகவே குறிப்பிட்டு வந்தது நியாயமன்று. அவர் மறைந்து ஆறாண்டுகளுக்குப் பின், 1987இல் லண்டன் டேட் கலைக்கூடம் அவருடைய ஓவியங்களுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது.